கைத்தடி நட்ட இடம்

அம்மாவை ஏற்றிப்போக வந்த ஆம்புலன்ஸ் எங்கள் பாதையில் பனியைத் தாண்டி வர முடியாமல் நின்ற அந்த இரவு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள், பக்கத்து அறையில் தூங்குகிறார்கள்.

மண்வாரியோடு ஓடிவந்தவர்கள், விடியும்வரை லோடர் பக்கெட்டால் பனியை அள்ளிக் கொட்டியவர், குளிரில் டீசல் கெட்டிப்படாமலிருக்க மருந்து கொண்டுவந்து ஊற்றியவர், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் படுக்கவைத்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. நீங்கள் இல்லாமல் அந்த வண்டி வாசலுக்கு வந்திருக்காது.

பாதையின் கடைசியில் குடியிருக்கும் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை கைத்தடி ஊன்றி வந்தார். பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோயர் இயந்திரங்களில் கிடைப்பதிலேயே பெரியதை அன்றே வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்தேன். "எது வாங்கலாம் ஐயா?" என்றேன். அவர் கேட்டார்: "பனியை எங்கே போடப்போறே தம்பி?"

பதில் தெரியவில்லை. சரி, நடந்து பார்ப்போம் என்று கூட்டிப்போனார். முந்நூறு மீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆனது.

சாலைப் பக்கம் இருபுறமும் வெட்டவெளி. அங்கே டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் பிளேடைச் சாய்த்துவைத்து ஓரமாகத் தள்ளினாலே போதும், ஆனால் முதல் பனியிலேயே அகலமாகத் தள்ளிவிட வேண்டும் என்றார். மேடும் வேலியுமாக இருக்கும் வளைவில் அது நடக்காது. தள்ளிய குவியல் உறைந்து பாறையாகும், அடுத்த பனி அதன்மேல் ஏறும், பாதை ஒவ்வொரு முறையும் ஒடுங்கும். தூக்கித் தூர வீசும் புளோயர் அந்த இடத்துக்குத்தான் வேண்டும். அதுவும் பின்சக்கரங்களின் தடத்தை மூடும் அகலத்தில், என் டிராக்டரின் பி.டி.ஓ. (மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) தாங்கும் அளவில். பின்னால் மாட்டுவதென்றால் பெரும்பாலும் ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும், "கழுத்து தாங்குமா?" என்று என் வயதையும் கேட்டுக்கொண்டார். பாதை சரளைக்கல் என்பதால், தரை இறுகும்வரை புளோயரைத் தரையில் தாங்கும் அடிப்பக்கத்து ஷூக்களை இறக்கிவைத்து, வெட்டுமுனை ஓர் அங்குலம் தரைக்கு மேலே நிற்கும்படி வைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் பனியோடு கல்லும் பறக்கும். ஷியர் பின், அதாவது இயந்திரத்தைக் காக்கத் தான் முதலில் உடையும் ஆணி, உடைந்தால் அதே ரகத்தைத்தான் போட வேண்டும். கெட்டி போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். புளோயரின் வாயில் பனி அடைத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பால் குத்து, நின்ற பிறகும் கையை உள்ளே விடாதே என்றபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வளைவில் ஓரிடத்தில் நின்றார். பாதைக்கு அடியில் போகும் மழைநீர்க் குழாயின் வாய் அங்கே பனிக்குள் இருக்கிறதாம். சக்கரம் இறங்கினால் டிராக்டர் சாயும். அடையாளம் வைக்க எங்களிடம் எதுவும் இல்லை. அவர் தன் கைத்தடியையே அங்கே ஊன்றிவிட்டார். திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தக் கையின் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

இரவில் உதவ ஓடிவந்தவர்களை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். ஆனால் இன்னொரு இரவு அப்படி வரக்கூடாது என்று யோசித்து, முடியாத காலோடு வந்தவர் இவர்.

ஐயா, இனி எவ்வளவு பனி விழுந்தாலும் முதலில் உங்கள் வாசலைத் திறந்துவிட்டுத்தான் என் பாதைக்குத் திரும்புவேன். குழாய் வாயருகே நீளமான கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டேன். தடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்று மாலை கொண்டுவருகிறேன்.