ரவுட்டர், கேமரா பாஸ்வேர்டு – இந்த வாரமே மாற்றிவிடுங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண்) நெட் நிறுவனங்கள் பகிர்ந்து கொடுப்பதுண்டு. அதில் ஒரு வீட்டுக் கருவியை வைரஸ் பிடித்து, அது ஸ்பாம் (வேண்டாத மெயில்கள்) அனுப்பினாலும் அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறலாம். மற்ற வீடுகளிலும் பல தளங்களைத் திறக்கும்போது "நீங்கள் ரோபோவா?" என்ற தொல்லை வரலாம்.

2016-ல் மிராய் வைரஸ், கம்பெனி வைத்தபடியே விட்டிருந்த சுமார் 60 யூசர்நேம்–பாஸ்வேர்டு ஜோடிகளை டெல்நெட் (கருவியை வெளியிலிருந்து இயக்கும் பழைய வழி) வழியாக முயன்றே லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி), ரவுட்டர்களைப் பிடித்தது. கேமரா வழக்கம்போல ஓடியதால் வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே இல்லை.

ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அதை பிரவுசரில் அடித்து நுழைந்து, அட்மின் பாஸ்வேர்டை (ரவுட்டர் செட்டிங்ஸுக்கானது) மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து செட்டிங்ஸை மாற்றும் வசதி), டெல்நெட், டபிள்யூபிஎஸ் (பட்டன் அல்லது பின் எண்ணால் வைஃபையில் இணையும் வசதி) மூன்றையும் அணையுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போடுங்கள்.

டிவிஆர்தான் பெரிய ஓட்டை. மாட்ட வந்தவர் 12345 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். மிராய் போன்றவை மெமரியில் மட்டும் தங்குவதால் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு நெட்டில் இணைத்தால் சில நிமிடங்களில் திரும்ப வரலாம். எனவே முதலில் நெட் வயரைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, மானிட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றி, பிறகு வயரை மாட்டுங்கள்.

கம்ப்யூட்டரில் சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவச நீக்கக் கருவிகள் உள்ளன.

உதவி வேண்டுவோர் மாடல் எண்ணை மட்டும் இங்கே போடுங்கள். ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போட வேண்டாம். பாஸ்வேர்டும் அதில்தான் அச்சாகியிருக்கும்.