உச்சி வெயிலில் ஆந்தையைத் தேடினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளியில் புதிய வகுப்பறைக் கட்டடம் வரப்போகிறது. வரட்டும். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து எழுதுவதை உயிரியல் ஆசிரியராகப் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். கட்டடமே கூடாது என்று கொடி பிடிக்க இதை எழுதவில்லை. திட்டத்தோடு மக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். பேச்சு அதைப் பற்றித்தான்.

மரங்கள், உயிரினங்கள் பற்றிய பகுதி மொத்தமே ஒன்றரைப் பக்கம். ஆய்வாளர் ஒரு நாள் காலை 11 மணிக்கு வந்திருக்கிறார், மதியத்துக்குள் முடித்துவிட்டார். காகம், மைனா, அணில் தவிர வேறெதுவும் தென்படவில்லையாம். தென்படாதுதான். ஆந்தையும் வௌவாலும் தூங்குகிற நேரம் அது. மைதானத்தின் வடக்கு ஓரத்தில் நிற்கும் பழைய தூங்குமூஞ்சி மரத்தில், எப்போதோ கிளை முறிந்த இடத்தில் ஆழமான பொந்து ஒன்று உண்டு. ஆந்தை கக்கிய உருண்டைகள் அடியில் கிடக்கும். அவற்றைப் பிரித்து எலியின் தாடை எலும்பை எடுத்துக் காட்டித்தான் உணவுச் சங்கிலி பாடத்தை நடத்துவேன். கரும்பலகையில் நான் போட்ட அம்புக்குறிகளை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அந்தத் தாடையைப் பழைய மாணவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

பொந்துள்ள மரத்தை ஆராய வேண்டுமென்றால், பொழுது சாய்வதற்கு முன்பே வந்து உட்கார்ந்து, நன்றாக இருட்டும் வரை வெளியே பறப்பதை எண்ண வேண்டும். பொந்தின் வாயில் கறை படிந்திருக்கிறதா, கீழே எச்சம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடு கட்டும் காலத்தில் ஒரு முறை, அது கழிந்து இன்னொரு முறையாவது வர வேண்டும். அறிக்கையோ அதே பொந்தைக் காட்டி, மரம் ஆபத்தானது, வெட்டலாம் என்கிறது. மரத்தின் நடு வைரம் உயிரற்ற பகுதி. அது உளுத்துப்போனாலும் சுற்றியிருக்கும் கட்டை போதிய கனத்தோடு இருந்தால் மரம் பல ஆண்டுகள் தாங்கும். எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று ஒலி அலைக் கருவியை வைத்து அளக்கலாம். அளந்ததாக ஒரு வரிகூட இல்லை.

சரி, வெட்டாமல் விடுவதாகச் சொல்லும் மரங்களாவது பிழைக்குமா? அவற்றைச் சுற்றி 2 மீட்டர் தள்ளி வேலி போடுவார்களாம். கட்டுமான இடத்து மரங்களுக்கான பிரிட்டனின் பிஎஸ் 5837 தர விதிப்படி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப்போல 12 மடங்கு தூரத்துக்கு வேரைப் பாதுகாக்க வேண்டும். உச்ச வரம்பு 15 மீட்டர். நுழைவாயில் அருகே நிற்கும் வாகையின் சுற்றளவை நானே நாடா வைத்து அளந்தேன், 220 சென்டிமீட்டர். விட்டம் ஏறக்குறைய 70. கணக்குப் போட்டால் 8.4 மீட்டர் வருகிறது. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன. அதன்மேல் ஜல்லி லாரி நாலு மாதம் ஏறி இறங்கினால் மண் இறுகும், காற்றும் நீரும் உள்ளே போகாது. மரம் உடனே சாகாது. கட்டடம் திறந்து, ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போன பிறகு சில ஆண்டுகளில் உச்சியிலிருந்து காயும். அப்போது ‘நோய் வந்துவிட்டது’ என்பார்கள்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுகிறார்களாம். நடட்டும், தண்ணீர் ஊற்றுவது யார் என்றும் எழுதட்டும். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து பெரிய புதிய கட்டுமானங்கள் இயற்கை வாழ்விட மதிப்பை 10 சதவீதமாவது கூட்டிக் காட்ட வேண்டும், அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். பத்துக் கன்றிலும் ஆந்தை நுழையும் பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகுமோ! மாடிப்படிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வேறு. 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வெளிப்புறம் புள்ளி வைத்தால் பறவைகள் மோதுவது வெகுவாகக் குறையும். பெரிய செலவில்லை, ஆனால் சொல்ல ஆள் வேண்டுமே.

இத்தனைக்கும் காரணம் தேதியில் இருக்கிறது. கட்டட வரைபடம் முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் இந்த ஆய்வே நடந்திருக்கிறது. வரைபடத்தில் ஒரு மரமும் இல்லை, வெற்று மைதானம்தான். முடிவை எடுத்துவிட்டு அப்புறம் போய்ப் பார்த்தால், பார்ப்பவருக்கு வெட்டுவதற்கான காரணம்தான் கண்ணில் படும். மரங்களை முதலில் குறித்திருந்தால், கட்டடத்தைத் தெற்கே சிமெண்ட் போட்ட வண்டி நிறுத்துமிடத்துக்குத் தள்ளி, ஒரு மாடி கூட்டலாமே என்று யாருக்காவது தோன்றியிருக்கும்.

ஆட்சேபணை சொல்ல இம்மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கிறது. அனுமதி தருகிற அதிகாரிகள் இந்த ஒன்றரைப் பக்கத்தைத் திருப்பி அனுப்பி, அந்தி நேர ஆய்வோடும் வேர் எல்லை குறித்த வரைபடத்தோடும் புதிதாகக் கேட்க வேண்டும். மாலையில் உட்கார்ந்து எண்ண ஆள் போதாதென்றால் நான் வருகிறேன், பழைய மாணவர்கள் சிலரும் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்