நிலாவை இப்போதே திருப்பாதே, கலா

கோவை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நிலா நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இங்கே எல்லாரும் நலம். அகிலன் இரண்டாம் வகுப்புக்குப் போகிறான், முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

சரி, நீ கேட்ட, நிலாவின் கார் சீட் விஷயத்துக்கு வருகிறேன். 14 மாதம் ஆகிவிட்டது, கால் மடங்கி முட்டுகிறது, முன்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வை என்று அத்தை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். திருப்பாதே கலா. கால் மடங்குவது குழந்தைக்குச் சிரமமே இல்லை. சம்மணம் போட்டுக்கொள்ளும், இல்லையென்றால் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ளும். நமக்குக் கவலை கழுத்தைப் பற்றித்தான். இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்தெலும்பில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்புதான். முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்துக்கு. பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே சேர்த்து ஏந்திக்கொள்ளும்.

ஸ்வீடனில் பிள்ளைகள் நாலு வயது வரைகூட இப்படித்தான் போகிறார்கள். அங்கே பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவர், விண்வெளி வீரர்கள் ராக்கெட்டின் விசையை முதுகில் வாங்கிக்கொள்வதைப் பார்த்து 1960களில் இந்தச் சீட்டை உருவாக்கினார். ஐரோப்பாவில் குழந்தை சீட்டுகளுக்கு இருக்கும் ஆர்129 விதிப்படி 15 மாதம் தாண்டும் முன் திருப்பவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டது. சீட்டில் எழுதியிருக்கும் உயரமும் எடையும் எட்டும்வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்கிறது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அத்தை சொன்னால், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல். அகிலனுக்கு எட்டு மாதம். என் மாமியார் மடியில் இருந்தான். அவிநாசி ரோட்டில் நாய் குறுக்கே வந்து, இவர் பிரேக் போட்டதும் கையிலிருந்து நழுவிவிட்டான். மாமியார் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்கள் தெரியுமா? கார் மெதுவாகத்தான் போனது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதியிருந்தால் எட்டு கிலோ குழந்தை இருநூறு கிலோவுக்கு மேல் கனத்திருக்கும். அதை யாராலும் பிடிக்க முடியாது. மறுநாளே சீட் வாங்கினோம்.

அந்தப் பழைய சீட்டைக் கேட்டிருந்தாய். உனக்கு இல்லை என்று சொல்ல மனம் கஷ்டப்படுகிறது, ஆனால் அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டு முடிந்துவிட்டது. வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் வலு இழந்துவிடும். வேறு யாரிடமும் பழையது வாங்காதே, அது எந்த விபத்தைப் பார்த்ததோ நமக்குத் தெரியாது. புதிதாக வாங்கும்போது, பின்னோக்கி 18 கிலோ வரை தாங்குவதாகப் பார். உங்கள் காரில் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின்சீட் இடுக்கில் கைவிட்டுப் பார்த்துக்கொள். ஏர்பேக், அதாவது மோதினால் விரியும் காற்றுப்பை, உள்ள முன்சீட்டில் மட்டும் பின்னோக்கி வைத்துவிடாதே, அது விரிந்தால் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். பட்டையைத் தோளருகில் விரலால் கிள்ளிப் பார், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்கவேண்டும்.

அகிலன் இப்போது பூஸ்டரில் உட்காருகிறான், கார் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி வைக்கும் சீட் அது. நண்பர்கள் யாரும் அப்படி உட்காருவதில்லையாம், தினமும் சண்டை. ஒருநாள் பூஸ்டர் இல்லாமல் பெல்ட் போட்டுக் காட்டினேன். மேல்பட்டை கழுத்தை உரசியது, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறி நின்றது. அது இடுப்பெலும்பில் படியவேண்டும், வயிற்றில் இருந்தால் குடலை நசுக்கிவிடும். 145 செ.மீ. வரும்வரை பூஸ்டர்தான் என்று சொல்லிவிட்டேன். இவன் இன்னும் 121. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இலேயே சட்டம் வந்துவிட்டது. யாரும் பிடிப்பதில்லை, அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை.

பொங்கலுக்கு மதுரை வருகிறோம். அதற்குள் வாங்கிவிட்டால், நானே ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுகிறேன். அத்தைக்கு என் வணக்கம், நிலாவுக்கு முத்தம்.

உன்
செல்வி