ஃபார்மட் பண்ணச் சொன்னீங்க சரி, அந்த டிக்கைப் பத்தி சொல்லலையே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர் கம்ப்யூட்டர் கேள்வி பதில்ல ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, ஹார்ட் டிஸ்க்கை சொருகினா ஃபார்மட் பண்ணினாத்தான் யூஸ் பண்ண முடியும்னு வருது, உள்ள இருக்குற போட்டோவை எப்படி எடுக்கறதுன்னு. அதுக்கு நீங்க முதல்ல ஃபார்மட் பண்ணிருங்க, அப்புறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்னு ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க. டீக்கடையில வச்சுத்தான் படிச்சேன், டீ ஆறிப்போச்சு. ஏன்னா இதே வைத்தியத்துல நான் ஒரு குடும்பத்தோட காதுகுத்து வீடியோவை பறிகொடுத்தவன்.

எனக்கு கோவில்பட்டியில சின்னதா ஒரு போட்டோ ஸ்டூடியோ. ஆவணி மாசம், அடுத்தடுத்து முகூர்த்தம், 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்குல காப்பி ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசமாச்சு (அது என் தப்புதான், வீட்ல இன்னும் சொல்லிக் காட்டுறாங்க). கரண்ட் வந்ததும் பாத்தா டிரைவ்ல ரா-ன்னு (உள்ள ஃபைல் எப்படி அடுக்கியிருக்குன்னு விண்டோஸுக்கு புரியலன்னு அர்த்தம்) காட்டுது, ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. நான் கேன்சல்தான் குடுத்தேன். அதோட விட்டிருக்கணும், பதட்டத்துல ஒரு சர்வீஸ் கடைக்கு தூக்கிட்டு ஓடினேன்.

கடையில இருந்த தம்பி நல்ல பையன்தான், கெட்ட எண்ணமெல்லாம் இல்ல. இருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்குல பிரிச்சு வச்சிருக்குற பகுதியை, அழிச்சிட்டு, புதுசா 500 ஜிபிக்கு ஒண்ணு போட்டு, குயிக் ஃபார்மட் (பட்டியலை மட்டும் புதுசா போடுற ஃபார்மட்) பண்ணி, ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ஓட விட்டிருக்கான். சாயங்காலம் போனா "அண்ணே 40 ஜிபி வரைக்கும் எடுத்தாச்சு, அதே டிஸ்க்குலயே பத்திரமா போட்டு வச்சிருக்கேன்"னான். எனக்கு அப்ப அது விளங்கல, சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ராத்திரி பெங்களூர்ல இருக்குற அக்கா மகன்கிட்ட போன்ல சொன்னேன், அவன் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் "மாமா, மொதல்ல அந்த ஒயரை உருவுங்க"ன்னான். ஏன் மாப்ளன்னு கேட்டதுக்கு அவன் சொன்னது இன்னும் மனசுல நிக்குது. பட்டா காணாம போனா நிலம் எங்கயும் போயிறாது மாமா, ஆனா பட்டா இல்லையேன்னு அந்த நிலத்துலயே புது ஆளு உழுது வெதச்சா பழைய வெள்ளாமை என்ன ஆகும், அதைத்தான் அந்தக் கடைக்காரர் பண்ணியிருக்காருன்னான்.

விஷயம் இதுதாங்க. பழைய முறை டிஸ்க்குல முதல் 512 பைட்டுக்குள்ள வெறும் 64 பைட்டுலதான் எந்த பார்ட்டிஷன் எங்க ஆரம்பிக்குது எவ்வளவு நீளம்ங்கிற கணக்கு இருக்கு, நாலு பார்ட்டிஷனுக்கு ஆளுக்கு 16 பைட்டு, அவ்வளவுதான். இந்தக் கணக்கோ, இல்ல பார்ட்டிஷனோட முதல் செக்டரோ (டிஸ்க்குல ஒரு சின்னத் துண்டு) கெட்டுப்போனா விண்டோஸ் மொத்த டிஸ்க்கையும் காலி மாதிரி பேசும், ஆனா போட்டோ எல்லாம் இருந்த எடத்துலயேதான் இருக்கும். ஜிபிடிங்கிற புது முறையில அந்தக் கணக்குக்கு டிஸ்க்கோட கடைசியில ஒரு நகலும் இருக்கு, விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கிற என்டிஎஃப்எஸ் முறையும் தன்னோட பூட் செக்டருக்கு (அந்த முதல் செக்டருக்கு) ஒரு நகலை பார்ட்டிஷன் கடைசியில வச்சிருக்கு. டெஸ்ட்டிஸ்க்னு ஒண்ணு, கிறிஸ்டோஃப் கிரெனியர்ங்கிறவர் எழுதினது, காசே கெடையாது, அது இந்த மாதிரி மிச்ச சொச்சத்தை தேடிப் பாத்து பழைய பார்ட்டிஷனை கண்டுபிடிக்கும். அனலைஸ், குயிக் சர்ச், கெடைக்கலன்னா டீப்பர் சர்ச், கெடைச்ச வரியில பி-ய அமுக்குனா ஃபைல் பேரெல்லாம் வரும். பேரு சரியா வந்தாத்தான் அந்தக் கணக்கை டிஸ்க்குல எழுதச் சொல்ற ரைட் குடுக்கணும், வராம குடுத்தா அதுவும் வம்புதான்.

மாப்ள அதைக்கூட நேரா டிஸ்க்குல ஓட விடல. புதுசா 4 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்க வச்சான், 2 டிபி அப்படியே முழுசா நகலெடுத்து வைக்க, மிச்சம் தேறுறதை போட. நகலெடுத்தது டிடிரெஸ்க்யூன்னு ஒரு லினக்ஸ் புரோகிராம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓடுச்சு. அப்புறம் அந்த நகல்லதான் எல்லா வேலையும், அசலை துணியில சுத்தி பீரோவுல வச்சாச்சு. டீப்பர் சர்ச்ல பழைய பார்ட்டிஷன் வரி வந்துச்சு சார், கையெடுத்து கும்பிட்டேன், ஆனா பி-ய அமுக்குனா திறக்க முடியலங்குது. கடையில போட்ட புது ஃபார்மட் பழைய ஃபைல் பட்டியலோட தலை மேலயே உக்காந்திருச்சு.

கடைசியா ஃபோட்டோரெக். அதே ஆளு எழுதினதுதான், ஜேபெக் போட்டோ எப்படி ஆரம்பிக்கும், வீடியோ எப்படி ஆரம்பிக்கும்னு அடையாளம் வச்சு பொறுக்கி எடுக்கும், ஃபைல் பேரு ஃபோல்டரு எதுவும் வராது. 500 ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர்னு 92 ஃபோல்டர் வந்துச்சு. போட்டோவுக்குள்ள எடுத்த தேதி இருக்கும்ல, அதை வச்சு முகூர்த்தம் முகூர்த்தமா பிரிச்சேன், ரெண்டாவது கேமராவுல அசிஸ்டெண்ட் பய தேதியே செட் பண்ணாம விட்டிருந்ததால அதை மட்டும் பொண்ணு கட்டியிருந்த சேலை கலரையும் மண்டபத்து திரையையும் பாத்து பிரிக்க வேண்டியதாப்போச்சு, பதினோரு நாள் ஆச்சு. போட்டோ பெரும்பாலும் தேறிருச்சு. வீடியோதான், துண்டு துண்டா கெடந்ததை அதால ஒட்ட முடியல. அந்த காதுகுத்து வீடியோ சுத்தமா இல்ல, அந்தத் தம்பி பத்திரமா போட்டு வச்ச 40 ஜிபி அது மேலதான் விழுந்திருக்கணும். குழந்தையோட தாய்மாமன் துபாய்ல இருந்து மடியில வச்சுக்கறதுக்குன்னே வந்துட்டுப் போனவரு. பாக்கி பணம் வாங்கல, போட்டோவை வச்சு ஸ்லைடு ஷோ பண்ணிக் குடுத்தேன், இன்னும் அவங்க தெருப்பக்கம் வண்டியை விடுறதில்ல.

இப்ப உங்க பதிலுக்கு வரேன். ஃபார்மட் பண்ணினா எல்லாம் போயிராதுன்னு நீங்க நெனச்சது குயிக் ஃபார்மட்டுக்கு மட்டும்தான் ஓரளவு சரி, அதுலயும் எனக்கு நடந்ததை பாத்தீங்க. ஃபார்மட் பண்ணவான்னு கேட்டு வர்ற ஜன்னல்ல குயிக் ஃபார்மட்ங்கிற டிக்கை எடுத்துட்டு யாராவது ஓகே குடுத்தா, விண்டோஸ் விஸ்டாவுல இருந்து டிஸ்க் முழுக்க சைபரா எழுதிட்டு வந்துரும், அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் ஒண்ணும் பண்ண முடியாது. சுத்துற தட்டு இல்லாத எஸ்எஸ்டியா இருந்தா பெரும்பாலும் குயிக் ஃபார்மட்டே போதும், இந்த எடமெல்லாம் இனி வேண்டாம்னு சொல்ற டிரிம் கட்டளை போய் உள்ளதையெல்லாம் தொடச்சிரும். டிஸ்க் டக் டக்னு சத்தம் போட்டா அது பார்ட்டிஷன் கோளாறே இல்ல, உள்ள தட்டை படிக்கிற ஹெட் போயிருக்கும், வீட்ல எதையும் ஓட விடாம டேட்டா மீட்கறதுக்குன்னே இருக்குற லேப்புக்குத்தான் குடுக்கணும்.

கேள்வி கேட்ட வாசகர் இன்னும் ஃபார்மட் பண்ணாம இருந்தா அவருக்கு வழி இருக்கு. அதனால வர்ற வாரமே அதே பகுதியில அதே அளவு எழுத்துல திருத்தம் போடுங்க ஐயா, மூலையில பொடி எழுத்துல போட்டா அவரு கண்ணுல படாது.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரன்,
கோவில்பட்டி.