இடிக்க முடியாத சுவரை முன்பே காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள கோப்பிக்கடையில் ‘பெட்டி வீடு’ என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தொழிற்சாலையில் அறையை முழுதாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, பாரந்தூக்கியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஒரு பெரியவர் கேட்டார். கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். “நிற்கும் ஐயா, நன்றாகவே நிற்கும்” என்றேன். கிளமெண்டியில் 2019ல் கட்டி முடித்த கிளெமெண்ட் கேனப்பி 40 மாடி. இரண்டு கோபுரங்களுக்கும் சேர்த்து 1,866 பெட்டிகள். அவென்யூ சவுத் ரெசிடென்ஸ் 56 மாடி. அதன் பெட்டிகளை வார்த்தது ஜோகூரில், செனாயில். அரசாங்கம் விற்கும் குறிப்பிட்ட சில நிலங்களில் பெட்டிகளை அடுக்கிக் கட்டும் இந்த ‘பிபிவிசி’ முறை 2014லிருந்தே கட்டாயம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) இதைப் பயன்படுத்துகிறது.

லாபம் எங்கே என்றால், இங்கே பைலிங் போட்டு, அதாவது நிலத்துக்குள் ஆழமாகத் தூண்களை இறக்கி, அடித்தளம் எழும்பும்போதே அங்கே தொழிற்சாலையில் அறைகளுக்கு டைல்ஸ் ஒட்டி, குழாய் பொருத்தி, சாயம் பூசிக்கொண்டிருப்பார்கள். மழை பெய்தாலும் வேலை நிற்காது. உச்சிவெயிலில் 30வது மாடியின் வெளிவிளிம்பில் நின்று பூசிய தம்பிகளை அன்றாடம் பார்த்தவன் என்ற முறையில், அந்த வேலை கூரைக்கடியில் தரைமட்டத்துக்கு வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் பதிவு செய்த பிறகு வீவக கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் இதனால் கரைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நிலத்தைச் சீர்செய்வது, பைலிங், மின்தூக்கி, தண்ணீர், மின்சாரம் இவற்றைப் பெட்டியில் அடைக்க முடியாது. 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியபோது இன்னொன்றும் புரிந்தது: தொழிற்சாலை அக்கரையில் இருந்தால், அங்கே கதவு சாத்தும்போது இங்கே பாரந்தூக்கி சும்மா நிற்கும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். என் அண்ணன் மகளுக்கு இப்படியொரு வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்றே, “சித்தப்பா, இந்த ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்குற சுவர எடுத்துட்டா, மாமியார் வந்தா தாராளமா இருக்கும்ல” என்றாள். புதுப்பிப்பு வேலை செய்யும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) “எடுத்துடலாம்” என்று சொல்லி முன்பணமும் வாங்கியிருந்தது. தட்டிப் பார்த்தேன், வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பெட்டிகள் சேரும் இடம் அது. இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே சிமெண்டுக் கலவை ஊற்றி ஒரே சுவராக இறுக்கியிருந்தார்கள். மேலே உள்ள வீடுகளின் பாரமும் அதன்மேல்தான். பழைய புளோக்குகளில் உத்தரமும் தூணும் பாரத்தைத் தாங்கும். நடுவிலிருக்கும் செங்கல் சுவர் பலவற்றை அனுமதி வாங்கி எடுத்துவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான் நாம் எல்லாரும் யோசிக்கிறோம். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதை வாங்க நாங்கள் அலைந்தது தனிக்கதை.

வரைபடத்தில் அந்தச் சுவர் தடித்த கோடாக இருக்கத்தான் செய்கிறது. வீடு தேர்ந்தெடுக்கும் நாளில் எந்த மாடி, எந்தத் திசை, எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று தவிக்கும் 25 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோடு என்ன சொல்லும்? புதிய வீவக வீட்டின் குளியலறைத் தரையிலும் சுவரிலும் ஒட்டிய டைல்ஸை முதல் மூன்று ஆண்டுகளுக்கு உடைக்கக்கூடாது என்ற விதிகூட, சாவி வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

வீடு தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, இடிக்க முடியாத சுவர்களைச் சிவப்பில் காட்டும் ஒரு தாளைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் கையில் கொடுக்கலாம். பெட்டிகள் சேரும் இடமும், குழாயும் மின்கம்பியும் ஓடும் பாதையும் அதில் இருக்கட்டும். வீடு மறுவிற்பனைக்குப் போகும்போது அதே தாள் அடுத்தவருக்கும் போகவேண்டும். இல்லாவிட்டால், 20 ஆண்டு கழித்து வாங்குபவர் அதே சுவரைத் தட்டிப் பார்த்து இன்னொரு சித்தப்பாவைக் கூப்பிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தள மேற்பார்வையாளர்,
ஈசூன்