செயலாளரின் ஏழாம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘வந்திருக்கும்’ என்ற சொல் போன வருட அறிக்கையில் இல்லை. ஜெர்மனியின் ஆகன் நகரத் தமிழ் ஆய்வாளர்கள் என்று நம் பதிவேட்டில் 61 பேர் இருக்கிறோம். வாசிக்க எழுவதற்கு முன் எண்ணினேன். பின்னால் நாற்காலி தள்ளி விளையாடும் பிள்ளைகள் நீங்கலாக 17 பேர். பொங்கலன்று இதே கூடத்தில் பாயசம் போதாமல் மறுபடி காய்ச்சினோம் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே போகிறேன்.

பொங்கல் விழா நடந்தது. சித்திரைப் புத்தாண்டு மழையோடு நடந்தது. தமிழ் வகுப்பு, ஆசிரியைக்குக் காய்ச்சல் வந்த மாதம் நீங்கலாக, ஒழுங்காக நடந்தது. ஜூனில் வால்சர்பெர்க் உச்சிக்கு நடைபயணம் போனோம். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடம். உயரம் 322 மீட்டர். பெயர் கொடுத்தவர்கள் 19, வந்தவர்கள் 7. புளிசாதம் மிஞ்சியது.

இனி விண்ணப்ப மாலை. இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு வாய் திறக்க இன்றுதான் முறை வந்திருக்கிறது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு மணிக்கு, இந்தக் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் கூடி, இருதரப்பு நிதிநல்கைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்குக் கை கொடுக்கிறோம். இருதரப்பு நிதிநல்கை என்றால் வேறொன்றுமில்லை. இரண்டு நாட்டு அரசுகள் ஆளுக்கொரு பங்கு போட்டு, இரண்டு நாட்டு ஆய்வகங்களைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது. நம் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்ப்பது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யும் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நடத்தும் பரிமாற்றத் திட்டம். ஜெர்மன்காரர்கள் சுருக்கமாகப் பே-பே-பே என்பார்கள். இரண்டு வருடத் திட்டம். போக வரச் செலவும் தங்கும் செலவும்தான் கொடுப்பார்கள். கருவி வாங்க முடியாது, யாருக்கும் சம்பளம் போட முடியாது.

“இந்த டிக்கெட் காசுக்கா இவ்வளவு மெனக்கெடல்?” என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் இன்று வரவில்லை. பதிலைப் பதிவு செய்துவிடுகிறேன். தர்மபுரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு மூட்டு மடங்காது. அந்தத் தண்ணீரைப் பத்து வருடமாக அளந்துகொண்டிருக்கும் பேராசிரியர் அங்கே இருக்கிறார். அதை வடிகட்டும் சவ்வைச் செய்து பார்க்கும் ஆய்வகம் இங்கே இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஆய்வு மாணவி ஆறு வாரம் வந்து இந்தக் கருவியில் கை பழகிவிட்டுப் போக அந்த டிக்கெட் காசு போதும். அது இல்லாவிட்டால் இருவரும் ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

இது ஒன்றுதான் என்றில்லை. 2010-இல் தொடங்கிய இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம் ‘இரண்டு கூட்டல் இரண்டு’ என்று ஒரு திட்டம் நடத்துகிறது. இரு நாட்டிலும் ஒரு ஆய்வு நிறுவனம், ஒரு தொழில் நிறுவனம் என்று நாலு பேர் சேர வேண்டும். கல்யாணத்துக்கு நாலு வீட்டுச் சம்மதம் வாங்குவது போலத்தான். பிரான்ஸ்காரர்கள் பயணத் திட்டங்களுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தோடு என்றால் வான் கோ, ஜெர்மனியோடு என்றால் புரோகோப், போலந்தோடு என்றால் பொலோனியம். கடைசிப் பெயர் எனக்குப் பிடிக்கும். 1898-இல் மேரி கியூரியும் பியரும் அந்தத் தனிமத்துக்குப் பெயர் வைத்தபோது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் கிடையாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் தங்களுக்குள் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கின்றன. கூட்டு விண்ணப்பத்தை ஒரு நாட்டு நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். அது மதிப்பிட்டுச் சொல்வதை மற்ற நாடு ஏற்றுக்கொண்டு, தன் ஆய்வாளருக்கான பணத்தைத் தானே கொடுத்துவிடும். வீவ் என்ற பெயரில் இப்போது இன்னும் சில ஐரோப்பிய நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. நம் பரிமாற்றத் திட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே ஆய்வை இரண்டு பேர், இரண்டு நாட்டில், இரண்டு படிவத்தில் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டால் வந்ததும் செல்லாது. அதனால்தான் இந்த வியாழக்கிழமைகள்.

இந்த ஆண்டு ஒன்பது மாலைகள் நடந்தன. மூன்று விண்ணப்பங்கள் கைக்கு வந்தன.

முதலாவது, மேலே சொன்ன தண்ணீர். எல்லாம் முடிந்தது, நாளைக்கு அனுப்பலாம் என்ற நிலையில், இரண்டு பக்கத்துப் படிவத்தையும் அச்செடுத்து மேசையில் அக்கம்பக்கமாக வைத்து, ஸ்கேலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தோம். இது என் பழக்கம், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முதல் வரியிலேயே ஸ்கேல் நின்றது. இங்கே தலைப்பில் ‘நிலத்தடி நீர்’, அங்கே ‘குடிநீர்’. இரண்டு மாதமாக நாலு பேர் படித்த தலைப்பு அது. ஒரு சொல்தான், ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை இரண்டு வேறு திட்டங்கள். அன்றிரவே பேராசிரியரைத் தொலைபேசியில் எழுப்பினோம். “குடிக்கிறதே நிலத்தடி நீர்தானே தம்பி” என்றார். திருத்தினார். அந்தத் திட்டம் தேர்வாகியிருக்கிறது. மாணவி வரும் வசந்தத்தில் வருகிறார். தங்க இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். எல்லை தாண்டி வால்ஸ் ஊரில் அறை இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது தேர்வாகவில்லை. காரணம் சொல்லி எழுதியிருக்கிறார்கள், நியாயமாகவே இருக்கிறது.

மூன்றாவதைப் பற்றித்தான் குழுவில் அவ்வளவு பேச்சு. இது வேறொரு இருதரப்புத் திட்டம். இந்தியப் பக்கத்துக் கெடு, அங்கே மாலை ஐந்து மணி. இங்கிருந்து போக வேண்டியது ஜெர்மன் பேராசிரியையின் ஒப்புதல் கடிதம், ஒரே ஒரு பக்கம். அறைச் சுவரில் நான் ஒட்டி வைத்திருக்கும் தாளில் ‘இந்தியாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரம்’ என்று எழுதியிருந்தது. ஜூலையில் எழுதியது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறி, அது நாலரை ஆகிவிட்டது. தாளை நான் மாற்றவில்லை. மாணவர் அதைப் பார்த்து மதியம் ஒன்றரை வரை நேரம் இருக்கிறது என்று நம்பினார். கடிதம் 12.50-க்குப் போய்ச் சேர்ந்தது. “தம்பி, இங்க அஞ்சு இருபது ஆயிடுச்சே” என்று அங்கிருந்து பதில். அதற்கு முன் அங்கிருந்தவர் மூன்று முறை அழைத்திருக்கிறார். மாணவர் தூசு புகாத ஆய்வக அறைக்குள் இருந்தார், தொலைபேசி வெளியே பெட்டிக்குள்.

அந்தத் தாள் என்னுடையது, தவறும் என்னுடையது. இதை நான் எங்கும் மறைக்கவில்லை. ஆனால் அதே மூச்சில் இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்துக்கான வரைவை மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். கையெழுத்துக்கு அது கடைசி நாள் காலைதான் போனது. செப்டம்பரிலிருந்து அந்த அறைக்கு வந்தவர்கள், என்னையும் மாணவரையும் சேர்த்து, நாலு பேர். குழுவில் “செயலாளருக்கு மணி பார்க்கத் தெரியாது” என்று எழுதியவர் அந்த ஒன்பது வியாழக்கிழமைகளில் ஒன்றில் வந்திருந்தாலும் தாள் அவர் கண்ணில் பட்டிருக்கும். தாளை மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறது.

“இதெல்லாம் பல்கலைக்கழகத்து வேலை, நமக்கெதற்கு? நாம் பொங்கல் வைத்தால் போதாதா?” என்றும் ஒரு கருத்து இருக்கிறது. டி.ஏ.ஏ.டி. 1925-இல் ஹைடல்பெர்க்கில் மாணவர் முயற்சியில் பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் மூன்று பேர் அங்கே படித்தவர்கள். இரு அரசுகளும் அறிவியல் ஒப்பந்தம் போட்டது 1974-இல். நாம் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே அந்த வழியில்தான். என்னை ஹைடல்பெர்க் மாணவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் குழுவில் எழுத வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், “உங்கட திட்டம் எல்லாம் இந்தியாவுக்குத்தானே, எங்களுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருதரப்பு என்றாலே மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு ஒரு மாலையை இதற்காகவே ஒதுக்குகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு. பொருளாளர் விவரமாக வாசிப்பார், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பொங்கல் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது, புத்தாண்டு கொஞ்சம் கடித்தது, கூடத்து வாடகை வழக்கம்போல. கையில் ஒரு சிறு தொகை நிற்கிறது. விண்ணப்ப மாலைகளுக்கு ஆன மொத்தச் செலவு 148 யூரோ. காப்பி, பிஸ்கட், அச்சுத் தாள், அந்த இரண்டாவது கடிகாரம். இரண்டு ரசீது காணவில்லை. அந்தத் தொகையை நான் கேட்கவில்லை.

சந்தா ஆண்டுக்கு 24 யூரோ. 61 பேரில் கட்டியவர்கள் 26. மாதக் கணக்கில் இரண்டு யூரோ. பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் ஒரு காப்பியும் அதன் கூடவரும் பெருமூச்சும். வங்கியிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதிப் படிவம் மூன்று முறை அனுப்பினேன். சிலர் கட்டைவிரல் படம் போட்டார்கள். கட்டைவிரலை வங்கி ஏற்பதில்லை. சங்கத்தின் பெயரில் பரிந்துரைக் கடிதம் வாங்கிய இருவர் பெயரும் கட்டாதவர் பட்டியலில் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். இந்த நாட்டில் சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். உறுப்பினர் மூன்றுக்குக் கீழே போனால்தான் நீதிமன்றம் பதிவை எடுக்கும். அவ்வளவு தூரம் போக மாட்டோம் என்று நம்புகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தரும் தேவாலயத்தார், பாத்திரம் கழுவிய இளைஞர்கள், தணிக்கை செய்த இருவர், தலைவர். வியாழக்கிழமைகளில் பிள்ளையைத் தனியாகச் சமாளித்த என் மனைவி. யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டு. செயலாளராக நான் தொடர்வேனா என்று சிலர் அக்கறையோடு கேட்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன். இங்கே ஆய்வாளரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்க, முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று ஒரு கணக்கு உண்டு. என் பின் ஆறு மார்ச்சில் முடிகிறது. நானே ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அதற்கு ஸ்கேல் வைத்துப் பார்க்க யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருக்கலாம். எப்படியானாலும் ஜனவரி அழைப்புகளுக்கு வியாழக்கிழமை அறையைத் திறக்க ஆள் வேண்டும். ஆய்வு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு தாளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

பொருளாளர் கணக்கை வாசித்ததும் நிர்வாகக் குழுவை இந்த ஆண்டுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் தீர்மானம் வரும். கை தூக்குகிறவர்கள் தூக்கலாம். கதவருகே மேசையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று சந்தா அனுமதிப் படிவம், பேனா கட்டியிருக்கிறது. மற்றது வியாழக்கிழமைப் பட்டியல். முதல் இரண்டு மாலைக்கு என் பெயரை எழுதிவிட்டேன். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவேன்.

நன்றி, வணக்கம்.