மற்றவர் குரலில் உன் பாட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. குரல் பதிந்து அனுப்பினால் நீ அரைவாசியில் நிறுத்திவிடுவாய் என்று அம்மா சொன்னா. அதனால்தான் இந்த நீள ஈமெயில். வேலை முடிந்து வந்து, ஆறுதலாக இருந்து வாசி.

நீ மெட்டுப் போட்ட பாட்டை அங்கே பேர்லினில் வேறொரு பாடகி கேட்கிறாளாம். கொடுத்தால் பாடகியாக நீ தோற்றுவிட்டாய் என்று ஆகிவிடுமாம். இதைச் சொல்லி அம்மாவிடம் அழுதாயாம். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் இதில் எனக்கொரு அபிப்பிராயம் இருக்கிறது. அது ஜெல்கோ யோக்சிமோவிச் என்ற செர்பியப் பாடகரைப் பார்த்து வந்தது. தானும் பாடுவார், மற்றவர்களுக்கும் மெட்டுப் போட்டுக் கொடுப்பார்.

பெயரை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே சுவிஸில், பேர்ணில் என்னோடு ஒரே குசினியில் நின்ற செர்பியன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்து போவானே, அவன் வால்யேவோ ஊர்க்காரன். யோக்சிமோவிச் வளர்ந்ததும் அந்த ஊரில்தான். பிறகு கேட்க வேண்டுமா? சட்டி கழுவும் மெசின் சத்தத்துக்கு மேலால் அவர் பாட்டைப் போட்டுவிடுவான். பன்னிரண்டு வயதில் பாரிசுக்குப் போய் அக்கோடியன் வாசித்துப் பரிசு வாங்கிய பொடியன் என்று, தன் தம்பியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வான்.

அவர் பிறந்தது 1972. வாலிப வயது வந்தபோது யுகோஸ்லாவியா உடைந்துவிட்டது. 1992இல் ஐ.நா. தடை வந்தது. ஐரோப்பிய நாடுகள் வருஷா வருஷம் பாட்டு அனுப்பும் யூரோவிஷன் போட்டி மேடையும் அந்த வருஷத்தோடு அவர்களுக்குப் பூட்டுப்பட்டது. 1999இல் நேட்டோ 78 நாள் குண்டு போட்டது. இதற்குள் ஒருவன் இசை படித்து, பாட்டுப் போட்டு, பெயர் எடுக்க வேண்டும். வெளியே போகக் கதவு இல்லாத காலத்தில் எப்படி அப்பியாசம் பண்ணியிருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அது கொஞ்சம் விளங்கும்.

இப்போது கவனமாக வாசி. அவருக்கு ஐரோப்பா முழுக்கப் பெயர் கிடைத்தது 2004இல். ஆனால் அதற்கு முந்தின வருஷம் பெல்கிரேட்டில் நடந்த பியோவிசியா போட்டியில் வென்ற பாட்டும் அவர் மெட்டுத்தான். 'சியா சி' என்ற அந்தப் பாட்டைப் பாடியது மசிடோனியாக்காரரான தோஷே ப்ரோஎஸ்கி. அந்த வருஷம் நாடு யூரோவிஷனுக்குப் போகாததால் பாட்டும் வெளியே போகவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் அது தெரியும். தோஷே 2007இல் குரோஷியாவில் ஒரு கார் விபத்தில் செத்துப்போனான். இருபத்தாறு வயது. அடுத்த நாள் வால்யேவோக்காரன் குசினியில் வாய் திறக்கவே இல்லை.

2004இல் யோக்சிமோவிச் தானே இஸ்தான்புல்லுக்குப் போனார். 'லானே மோயே' பாட்டை நாங்கள் ரி.வி.யில் பார்த்தோம். மூன்று நிமிஷத்துக்கு மேல் பாடக் கூடாது என்ற போட்டியில், முதலில் வாத்தியங்களை நன்றாக வாசிக்க விட்டுவிட்டு ஆறுதலாகத்தான் வாய் திறந்தார். அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. முதன்முதலாக அரையிறுதி வைத்த வருஷம் அது, மொத்தம் 36 நாடுகள். அரையிறுதியில் 263 புள்ளி எடுத்து முதலாவதாக வந்தார். இறுதியிலும் அதே 263தான், ஆனால் உக்ரைனின் ருஸ்லானா 280 எடுத்துவிட்டாள். குரோஷியாவும் பொஸ்னியாவும் அவருக்கு 12 புள்ளி கொடுத்தன. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருவரை ஒருவர் சுட்ட ஆட்கள்! சுவிஸும் 12 கொடுத்தது. அது சுவிஸ்காரருடைய ரசனை என்று நினைக்காதே, இங்கே இருக்கும் பால்கன் சனங்கள் ரெலிபோனை விடாமல் அடித்த புள்ளி அது. சொந்த நாட்டுப் பாட்டுக்கு அடிக்கக் கூடாது என்பது விதி, ஆனால் இங்கே குடியேறியவனுக்கு அந்த விதி இடிக்காது. (நாங்கள் ஒரு நாடாக அந்த மேடையில் நின்றிருந்தால் சூரிச்சிலும் பேர்ணிலும் எவ்வளவு புள்ளி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார். சுவிஸின் சொந்தப் பாட்டுக்கு அந்த முறை அரையிறுதியில் ஒரு புள்ளிகூட விழவில்லை.)

நீ ஒன்றைக் கவனித்திருக்க மாட்டாய். 'லானே மோயே' பாட்டின் சொற்கள் யோக்சிமோவிச்சினுடையவை அல்ல, லியோன்டினா வுக்கொமானொவிச் எழுதியவை. எட்டு வருஷம் கழித்து அவர் பாடிய 'நியே லியூபாவ் ஸ்த்வார்' பாட்டிலும் சொற்களுக்குப் பின்னால் மரீனா துட்சாகோவிச் இருந்தா. செர்பியாவில் அந்த மனுஷி எழுதிய பாட்டைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நீ சொல்லும் உன்னுடையது, மெட்டும் உன்னுடையது, குரலும் உன்னுடையது, பதிவும் நீயே செய்ய வேண்டும் என்று நிற்கிறாய். ஏன் பிள்ளை? இந்த மனுஷன் தனக்கு நன்றாக வந்ததைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டார்.

குசினியில் சோஸ் கிண்டுபவன் ஒருத்தன், தட்டில் அடுக்குபவன் இன்னொருத்தன், மேசைக்குக் கொண்டுபோய்ச் சிரிப்பவன் மூன்றாமவன். சாப்பிட்டவன் நல்ல சோஸ் என்றுதான் சொல்லிவிட்டுப் போவான்.

சரி, இனி நான் சொல்ல வந்த பாட்டுக்கு வருகிறேன். 'லெய்லா', 2006. பாடியது சரயேவோவின் ஹாரி மாட்டா ஹாரி, பொஸ்னியாவுக்காக. மெட்டு யோக்சிமோவிச்சினுடையது. சரயேவோ முற்றுகை முடிந்து பத்து வருஷம்தான். மலையில் இருந்து அந்த நகரத்தை அடித்தது பொஸ்னிய செர்பியப் படைகள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நகரத்துப் பாடகனுக்கு பெல்கிரேட்டில் இருந்து ஒருவர் மெட்டுப் போட்டுக் கொடுக்கிறார், அவர்களும் வாங்கிப் பாடுகிறார்கள். ஹாரிக்கும் அது சும்மா மேடை இல்லை. 1999இல் அவரைத்தான் பொஸ்னியா முதலில் தெரிவு செய்தது, ஆனால் அந்தப் பாட்டு ஏற்கெனவே பின்லாந்தில் வெளிவந்தது என்று விலக்கிவிட்டார்கள். ஏழு வருஷம் பொறுத்திருந்து ஆதென்ஸில் இந்தப் பாட்டோடு நின்றார். மூன்றாம் இடம், 229 புள்ளி.

அதே வருஷம் யோக்சிமோவிச்சின் சொந்த நாடு போட்டியிலேயே இல்லை! அப்போது செர்பியாவும் மொன்டெனேக்ரோவும் ஒரே நாடு. பெல்கிரேட்டில் தெரிவுப் போட்டி நடந்தது. மொன்டெனேக்ரோக் குழு வென்றது. சபை கூச்சல் போட்டது. இரண்டு பக்கமும் பிடிவாதம் பிடித்துக் கடைசியில் யாரையுமே அனுப்பவில்லை. இறுதிப் போட்டி மே 20. அடுத்த நாள், மே 21, மொன்டெனேக்ரோ வாக்குப் போட்டுத் தனிநாடாகப் போய்விட்டது. பாட்டுப் போட்டியில் தெரிந்த வெடிப்பு நாட்டிலும் வந்துவிட்டது என்று குசினியில் நாங்கள் கதைத்தோம்.

என்னைக் கேட்டால் அவருடைய பாட்டுகளில் 'லெய்லா'தான் மேல். 'லானே மோயே' அழகு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஹாரியின் குரலில் அந்த மெட்டு இறங்குவது போல யோக்சிமோவிச்சின் குரலில் இறங்கியிராது. ஹாரியின் குரலில் வயது இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பும் இருக்கிறது. தன் குரலில் இல்லாததை மெட்டுக் கேட்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு காது வேண்டும். அது உனக்கும் இருக்கிறது, நீதான் அதைக் கேட்க மாட்டேன் என்கிறாய்.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அப்பா ரசிகர் மன்றம் வைத்துவிட்டார் என்பாய். அவர் பாட்டுகள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். மெதுவாகத் தொடங்கும், கம்பி வாத்தியம் வரும், நடுவில் ஒரு ஏற்றம், பிறகு வெடிக்கும். 2008இல் யெலெனா தொமாஷெவிச் பாடிய 'ஓரோ'வில் போரா துகிச் புல்லாங்குழல் வாசித்திருக்காவிட்டால் எனக்கு அது முந்தின பாட்டுகளின் மிச்சம் போலத்தான் பட்டிருக்கும். ஆறாம் இடம் வந்தது. முந்தின வருஷம் மரியா ஷெரிஃபோவிச் வென்றதால் போட்டி பெல்கிரேட்டிலேயே நடந்தது. அதை யோவானா யான்கோவிச்சோடு சேர்ந்து தொகுத்ததும் இவர்தான். தன் பாட்டுக்கு எத்தனை புள்ளி என்று மேடையில் நின்று சிரித்த முகத்தோடு கேட்க வேண்டிய நிலைமை! பிறகு அந்த யோவானாவையே கலியாணம் கட்டினார். அம்மாவுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2012இல் பாக்குவில் திரும்பவும் தானே பாடினார். மூன்றாம் இடம், 214 புள்ளி. அப்புறம் 2015இல் வியன்னாவில் மொன்டெனேக்ரோவுக்காக க்னெஸ் பாடிய 'அதியோ'. பதின்மூன்றாம் இடம்தான், ஆனால் அந்தச் சின்ன நாட்டுக்கு அதுவரை அதைவிட நல்ல இடம் கிடைத்ததில்லை. இந்தப் பாட்டுகளில் ஒன்றும் யூரோவிஷன் கோப்பை வாங்கவில்லை. ஆனால் ஒன்றாக இருந்து உடைந்த நாடுகளில் மூன்று பேருக்கு அவர் பாட்டுத்தான் போயிருக்கிறது. அவர்களுடைய அரசாங்கங்கள் மேசையில் இருந்து இவ்வளவு சாதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாடகி பாடியதைக் கேட்டாயா? அவள் குரல் உன் மெட்டுக்குப் பொருந்தினால் கொடு. பொருந்தாவிட்டால் எவ்வளவு காசு தந்தாலும் கொடுக்காதே. கொடுப்பதென்றால் தாளைக் கவனமாகப் பார். ஜெர்மன் சட்டப்படி ஆக்கியவரின் உரிமையை விற்கவே முடியாது, பயன்படுத்தும் உரிமையைத்தான் கொடுக்கலாம். அதையும் அவளுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடாதே, நாளைக்கு நீயும் அதை மேடையில் பாட வேண்டும். பாட்டு ஆக்கியவர்களுக்குக் காசு சேர்த்துக் கொடுக்கும் ஜெர்மன் சங்கமான கேமாவில் இன்னும் பதியவில்லை என்றால் இந்தக் கிழமையே அந்த வேலையைப் பார். வானொலியில் போனாலும் மேடையில் பாடினாலும் மெட்டுப் போட்டவருக்கு வரும் காசு அந்த வழியால்தான் வரும்.

கையெழுத்து வைக்க முந்தி அந்த ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்கிறேன். நீ பாடிப் பதிந்த பாட்டையும் சேர்த்து அனுப்பு. அம்மா கேட்டுவிட்டாவாம், எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அப்பா